பெயரும் குடிவழியும்: கால்டுவெல்லின் முன்னோரைத் தேடி

திராவிட மொழிகளுக்குக் குடிவழி வகுத்துத் தந்தவர் பேராயர் இராபர்ட்டு கால்டுவெல். அவருடைய சொந்தக் குடிவழி யாது என்னும் வினாவை நம்மில் பலர் எழுப்பியதில்லை. இலக்கிய வரலாற்று நூல்களுள் சில அவரை அயர்லாந்து நாட்டவர் என்கின்றன. சில ஸ்காட்லாந்து நாட்டவர் என்கின்றன. மாணவர்கள் இவற்றுள் எதனைத் தேர்வில் எழுதுவது என்று கேட்பதுண்டு. இரண்டும் சரியே என்பதுதான் விடை. இரண்டும் ஒருங்கே சரியாவது எவ்வாறு என்பதில் ஓர் இனத்தாரின் முந்நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு தனிக் குடும்பத்தைத் தேடிச் செல்பவர் எதிர்கொள்ளும் இடர்கள், முத்துக்குளித்துறையில் தம் முன்னோரைத் தேடும் நம்மவர் படும் இடர்களோடு வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன.

கால்டுவெல் 1814 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில், ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தியர், பிரஸ்பிட்டேரியன் சபையினர், எளிய நிலையினர். அவருக்குப் பத்து வயது அளவில் குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. பின்னர்த் தமையன் ஒருவரோடு டப்ளினில் தங்கி ஓவியம் பயின்றார். மீண்டும் கிளாஸ்கோ வந்தார். ஆக்ஸ்போர்டின் பல்லியோல் கல்லூரியில் பயில அவருக்குக் கிடைத்த உதவித்தொகை, அவர் பிறந்த மண் அயர்லாந்து என்பது தெரிந்ததும் மறுக்கப்பட்டது. குருதியால் ஸ்காட்லாந்தியர், பிறப்பால் அயர்லாந்தியர் என்னும் இரட்டை நிலை அவருக்கு ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. வாழ்வின் ஒரு கதவையே அடைத்துவிட்டது. அக்கதவு அடைபட்டதால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்குதான் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு வழியாக ஒப்பிலக்கண நாட்டம் அவருக்குப் பிறந்தது. 1838 சனவரியில் சென்னையில் வந்திறங்கினார். 1841 இல் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். 1891 ஆகஸ்டு 28 இல் கொடைக்கானலில் மறைந்த அவர் இடையன்குடித் திருக்கோயிலுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளை மருமகன் வியாட் 1894 இல் பதிப்பித்தார். பிறப்பைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் இத்தகைய பிற்காலக் குறிப்புகளின் வழிவந்தனவே. பிறந்த ஊரில் அன்றே எழுதப்பட்ட ஏடுகளை நாடினால் என்ன கிடைக்கும்?

இதற்கு விடை காண அயர்லாந்தில் ஸ்காட்லாந்தியர் குடியேறிய கதையைச் சற்றே அறிதல் வேண்டும். 1609-10 ஆம் ஆண்டுகளில் முதலாம் ஜேம்ஸ் மன்னன், அயர்லாந்தின் வடமாநிலமாகிய அல்ஸ்டரில் ஆறு மாவட்டங்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து, ஸ்காட்லாந்தியரையும் ஆங்கிலேயரையும் அங்கே குடியமர்த்தினான். அக்குடியேற்றம் அரசின் திட்டம். ஆதலால் அரசின் கணக்குகளும் எழுந்தன. ஆனால் ஆண்ட்ரிமும் டவுனும் அந்த ஆறு மாவட்டங்களுள் அடங்கா. அங்கே 1606 முதலே ஹாமில்டன், மாண்ட்கோமரி போன்ற தனியார் நிலக்கிழார்கள் ஸ்காட்லாந்தியரை அழைத்து வந்தனர். இடையிலுள்ள கடல் ஒடுங்கியது. தெளிந்த நாளில் ஒரு கரையிலிருந்து மறுகரை தெரியும். படகில் வந்தவர்களை யார் பெயரெழுதி வைத்தார்? தனியார் வரவழைத்த குடிகளுக்குத் தனியார் கணக்கே சான்று. அக்கணக்குகளோ ஆங்காங்கே சிதறின. அவ்வாறு குடியேறியோரின் வழித்தோன்றல்களே ஸ்காட்-ஐரிஷ் மக்கள். அவர்களுள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஜான் கால்ஹூனின் தாயார் மார்த்தா கால்டுவெல் அத்தகைய குடியில் வந்தவரே. பெயரொற்றுமை கண்டவுடன் உறவு கற்பித்துவிடலாகாது என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறேன்.

எஞ்சிய ஏடுகள் எவை என்று பார்ப்போம். 1630 ஐ ஒட்டி எடுக்கப்பட்ட படைக்கணக்கு உண்டு. நிலக்கிழார் ஒவ்வொருவரும் தம் குடிகளுள் ஆண்மக்களை நிறுத்தி, அவர் வைத்திருந்த வாளையும் ஈட்டியையும் பெயருக்கு எதிரே குறிக்கச் செய்தனர். பெண்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. அடுத்து அடுப்புவரிக் கணக்கு. ஆண்ட்ரிமுக்கு 1669 ஆம் ஆண்டினது எஞ்சியுள்ளது. வீட்டில் எத்தனை அடுப்பு என்பதே அரசின் கவலை. அடுப்பைச் சுற்றி அமர்ந்தவர் யார் என்பதன்று. 1796 இல் ஆளிச்செடி பயிரிட்டவர்க்கு நூற்கும் இராட்டையைப் பரிசளித்த பட்டியல் ஒன்று உண்டு. ஓர் ஏக்கர் பயிரிட்டவர்க்கு நான்கு இராட்டை; ஐந்து ஏக்கருக்கு ஒரு தறி. சோழர் கல்வெட்டில் தறியிறை படித்த நமக்கு, தறிக்குப் பரிசு தந்த அரசு புதுமையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டிலும் பெயர் ஏறுவது உடையவனுக்கே. நிலமின்றிப் பிறர் தறியில் நெய்த ஏழைக்கு இரண்டு ஏட்டிலும் இடமில்லை.

சமய ஏடுகளின் நிலையும் இதுவே. பிரஸ்பிட்டேரியன் மக்கள் அரசின் சபையைச் சாராதவர். 1782 ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை அவர்களுடைய போதகர் நடத்திய திருமணத்திற்கு முழுமையான சட்டத் தகுதி இருந்ததில்லை. தகுதியற்ற திருமணத்தை எழுதி வைக்கும் முனைப்பும் குறைவாகவே இருந்தது. பல சபைகளின் ஞானத்தீட்சைப் பதிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. போதாக்குறைக்கு, கிளாடி என்னும் பெயருடைய ஊர் அல்ஸ்டரில் ஒன்றன்று; டைரோன் மாவட்டத்திலும் டெரி மாவட்டத்திலும் கிளாடிகள் உண்டு. நம் மாவட்டத்தில் புதுக்கோட்டை என்றால் எந்தப் புதுக்கோட்டை என்று கேட்பது போன்ற சிக்கல் இது.

இவற்றையெல்லாம் விஞ்சும் இழப்பு ஒன்று உண்டு. 1813 இல் தொடங்கிய அயர்லாந்தின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுபெறாமல் கைவிடப்பட்டது. கால்டுவெல் பிறந்தது அடுத்த ஆண்டில். முழுமையாக நிறைவேறிய முதற் கணக்கெடுப்பு 1821 இல் நிகழ்ந்தது. வீட்டிலுள்ளோர் அனைவரின் பெயரும் வயதும் தொழிலும் குடும்பத் தலைவருக்கு இன்ன உறவு என்பதும் அதில் எழுதப்பட்டன. ஏழு வயதுச் சிறுவன் இராபர்ட்டின் பெயரைத் தாய், தந்தை, உடன்பிறந்தார் பெயர்களோடு ஒரே தாளில் காட்டியிருக்கக்கூடிய ஏடு அது. 1922 சூன் 30 அன்று, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் களரி வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் சிற்சில துண்டுகள் தவிரச் சாம்பலாயின. உயில்களும் அரசு சபையின் பதிவேடுகளுள் பெரும்பகுதியும் உடன் எரிந்தன. எரிந்த தாள்கள் நகரெங்கும் காற்றில் பறந்தன. 1821 ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்ட்ரிமுக்கு உரியது எஞ்சவில்லை. 1851 ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்ட்ரிமின் சில பகுதிகள் பிழைத்தன. ஆனால் அப்போது கால்டுவெல் குடும்பம் கிளாஸ்கோ சென்று ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. நில மதிப்பீட்டு ஏடு 1847 இல் தொடங்குகிறது. பிறப்பு, இறப்புப் பதிவு 1864 இல் தொடங்குகிறது. ஓர் ஏழைக் குடும்பம் இரண்டு வலைகளின் இடைவெளியில் நழுவிய மீனைப் போல் நழுவிவிட்டது.

இத்தகைய வெறுமையில்தான் கதைகள் முளைக்கின்றன. கால்டுவெல் என்பது ஒரு நீர்நிலைப் பெயர். குளிர்ந்த ஊற்று என்று பொருள்படும். ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூ நிலப்பகுதியை ஒட்டி அப்பெயரில் ஓர் இடமும், அதனையுடைய நிலக்கிழார் குடியும் பண்டு இருந்தன. அமெரிக்காவில் கால்டுவெல் குடும்ப வரலாறு எழுதியோர் பலர் ஒரு கதையை வழிவழியாக எடுத்தாள்கின்றனர். மத்தியதரைக் கடலில் கப்பலோட்டித் திரிந்த மூன்று சகோதரர்கள் ஸ்காட்லாந்தில் கரையேறி, குளிர்ந்த கிணறுடைய நிலத்தை விலைக்கு வாங்கினர். அவர் வழியே இக்குடி பெருகிற்று என்பது அக்கதை. மூன்று சகோதரர்! நம்மூர்க் குலக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இந்த எண்ணிக்கை ஒன்றே போதும். ஊர்ப்பெயரால் குடிப்பெயர் வருவது எங்கும் உள்ள வழக்கு. அவ்வூரைவிட்டுப் போனவர்க்கெல்லாம் அப்பெயர் ஒட்டியிருக்கலாம். அவர்கள் நிலக்கிழாரின் மக்களாகவும் இருக்கலாம், மாடு மேய்த்தவராகவும் இருக்கலாம். இடையன்குடிப் பேராயரை ரென்ஃப்ரூ நிலக்கிழாரோடு இணைப்பதற்குச் சான்று வேண்டும், பெயர் சான்றாகாது.

அப்படியானால் தேடலே வீணா? அன்று. அயர்லாந்தில் இத்துறையில் உழைப்போர் மேற்கொள்ளும் நெறி ஒன்று உண்டு. நேர்வழியில் மேலே ஏற முடியாதபோது பக்கவாட்டில் செல்வது அந்நெறி. ஒருவருடைய பெற்றோரைக் காட்டும் ஏடு இல்லையெனில், அவருடைய தமையனை, தங்கையை, சிற்றப்பனைத் தேடவேண்டும். ஸ்காட்லாந்தில் 1855 முதல் இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் கன்னிக் குடிப்பெயரும் எழுதப்படுகின்றன. அயர்லாந்தின் இறப்புப் பதிவில் அவை இல்லை. ஆகவே அல்ஸ்டரில் பிறந்த உடன்பிறந்தார் எழுவருள் ஒருவர் மட்டும் 1855 க்குப் பின் கிளாஸ்கோவில் கண்மூடியிருந்தால், அந்த ஒரு மரணம் எழுவருக்கும் பெற்றோரைத் தந்துவிடும். சாட்சிக் கையொப்பமிட்டவர், பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர், ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்துக் கிடப்பவர் ஆகியோரும் இவ்வாறே துணைசெய்வர்.

பெயரிடும் மரபும் ஒரு குறிப்பாகும். ஸ்காட்லாந்தியருள் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுதல் பெருவழக்கு. இது நமக்குப் புதிதன்று. பாட்டன் பெயரைத் தாங்கியவன் ஆதலால் அவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. நம் மொழி ஒரு சொல்லுக்குள் பொதிந்து வைத்ததை அவர்கள் வழக்கத்தில் வைத்திருந்தனர். எனினும் வழக்கம் விதியாகாது. குழந்தை இறந்தால் அதே பெயர் அடுத்த குழந்தைக்குப் போகும். ஆதலால் இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

இந்தப் பக்கவாட்டு நெறியை மொழியியலில் நமக்குக் காட்டியவரே கால்டுவெல் என்பதுதான் இங்கு எண்ணி மகிழத்தக்கது. மூலத் திராவிட மொழியின் ஏடு ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவும் இயலாது. 1816 இல் எல்லிஸ் தொடங்கிவைத்த கருத்தை 1856 இல் அவர் விரித்தபோது, தமிழையும் தெலுங்கையும் மட்டும் நோக்கவில்லை. எழுத்தே இல்லாத தோடாவையும் கோத்தாவையும் கோண்டையும் கூ மொழியையும் உடன் நிறுத்தினார். தாயைக் காட்ட இயலாத இடத்தில் மகளிரை வரிசையாக நிறுத்தி, முகச்சாயலால் தாயை உய்த்துணரச் செய்தார். அவருடைய நூலின் நிலைபேறான பகுதி அதுவே. அதற்கும் மேலே ஏறி, திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைக்க அவர் முயன்ற பகுதியை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. பக்கவாட்டில் சென்றபோது வென்றார். மேல்நோக்கித் தாவியபோது வழுக்கினார்.

மொழிக்கு நேர்ந்த வழுக்கல் நூலோடு போயிற்று; மக்களுக்கு நேர்ந்தது அவ்வாறு போகவில்லை. 1849 இல் திருநெல்வேலிச் சீமையின் நாடார் மக்களைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுடைய முன்னோர் இலங்கையின் வடபகுதியிலிருந்து பனைவிதையோடு வந்தவர் என்று கருதிய அவர், அவர்களைத் தாழ்த்திக் காட்டும் சொற்களையும் எழுதினார். வாய்மொழிச் செய்தி சிலவும் தம் ஊகமும் அன்றி அவரிடம் ஏடு எதுவும் இல்லை. அச்சமூகத்தின் கல்வியும் செல்வமும் வளர்ந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. சட்டம்பிள்ளை முதலியோர் அவரோடு முரண்பட்டனர். 1880 களில் சாமுவேல் சற்குணர் மறுப்பு நூல் எழுதினார். நூலைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, இறுதியில் அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஏடில்லாத மக்களின் முன்னோரை வேறொருவர் எழுதும்போது நேரும் கேடு இது. பிறந்த மண்ணைக் காரணம் காட்டித் தமக்கு மறுக்கப்பட்ட இடத்தை அறிந்த ஒருவர், பிறர் வந்த வழியை இத்துணை எளிதாக வரையறுத்தது வருந்தத்தக்கதே. தமிழுக்கு அவர் செய்த தொண்டை இது குறைக்காது. ஆனால் தொண்டை நினைத்து இதனை மறைப்பதும் நமக்கு அழகன்று.

கால்டுவெல் 1883 இல் தூத்துக்குடிக்கு வந்து தங்கினார். அவர் பெயர் தாங்கிய பள்ளி அந்நகரில் உண்டு. அதற்கு முன்பே கொற்கையில் அகழ்ந்து பார்த்திருந்தார். மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறைமுகம் காயல் என்பதை நிலைநாட்டினார். தாமிரபரணி வண்டலிட்டுக் கடலைப் பின்தள்ள, கொற்கை காயலாகி, காயல் புன்னைக்காயலாகி, பின்னர்த் தூத்துக்குடி ஆயிற்று. துறைகள் இடம்பெயர்ந்த இக்கடற்கரையில் குடிகளும் இடம்பெயர்ந்தன. நாம் நிற்கும் தருவைகுளத்தையே எடுத்துக்கொள்வோம். தருவை என்பது மழைநீர் பரந்து தேங்கும் நீர்நிலையைக் குறிக்கும் நெல்லைச் சீமைச் சொல். தேரிக்காட்டில் புத்தன்தருவை முதலிய பெயர்கள் உண்டு. கால்டுவெல் போலவே இதுவும் நீரால் வந்த பெயர். ஊர்ப்பெயர் விளங்கிவிட்டது என்பதால், இக்கரையில் வாழும் குடிகள் எங்கிருந்து எப்போது வந்தனர் என்பது விளங்கிவிடாது. கடற்கரையில் வாழ்வோர் எல்லாரும் ஒரே குடியினரும் அல்லர்.

முத்துக்குளித்துறையின் பரதவர் 1536-37 இல் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் ஞானத்தீட்சை பெற்றனர். 1542 இல் வந்த சேவியர், தாம் தீட்சை கொடுத்த ஒவ்வொருவருக்கும் புதிய பெயரை எழுத்தில் கொடுத்ததாக தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். பதிவேடு வைக்கவேண்டும் என்று திரெந்து சங்கம் விதித்தது 1563 இல்தான். இடைப்பட்ட தலைமுறை எழுதப்படாமலே கழிந்தது. பர்னாந்து, ரோச், மோத்தா, மச்சாது, வாஸ் முதலிய பெயர்கள் தீட்சையின்போது போர்த்துக்கீசிய ஞானத்தந்தையராலும் குருமாராலும் வந்தவை. அவற்றைக் கண்டு லிஸ்பனில் முன்னோரைத் தேடுவது, குளிர்ந்த கிணற்றைக் கண்டு ரென்ஃப்ரூவில் முன்னோரைத் தேடுவதைப் போன்றதே. ஒரே நாளில் ஒரே ஞானத்தந்தையின் பெயரைப் பெற்ற பத்துக் குடும்பங்கள் குருதியுறவு இல்லாதவையாகவும் இருக்கலாம். உடன்பிறந்த இருவர் வேறுவேறு குடிப்பெயர் பெற்றிருக்கலாம்.

1658 இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்களுடைய கணக்கில் முக்கியம் பெற்றது முத்துச் சலாபம். மூழ்குவோரின் கல்லுக்கு இவ்வளவு என்று வரி. அயர்லாந்தில் அடுப்பை எண்ணினார்கள். இங்கே கல்லை எண்ணினார்கள். கல்லைக் காலில் கட்டி ஆழம் சென்றவன் பெயர் ஏட்டில் ஏறவில்லை. பட்டங்கட்டிகளும் சாதித்தலைவரும் மட்டும் பெயரோடு நிற்கின்றனர். இன்று பலர் தம் குடிவழியை அத்தலைவர்களோடு சேர்த்து எழுத விரும்புவதன் காரணமும் இதுவே. ஏட்டில் பெயருள்ள முன்னோர் அவர்களே அல்லவா? பெயரில்லாத முத்துக்குளிப்பவனின் பேரன் என்று எழுத ஏடு உதவாது. ஆனால் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் நம்மில் பெரும்பாலோர் அவனுடைய வழித்தோன்றல்களாகவே இருக்க வேண்டும்.

கிடைப்பவை எங்கே உள்ளன? புன்னைக்காயலில் வாழ்ந்து 1586 இல் தமிழில் அடியார் வரலாறு அச்சிட்ட அன்றிக்கு அடிகளாரின் கடிதங்கள், உரோமையில் விக்கி அடிகளார் பதிப்பித்த பெருந்தொகுதிகளில் உள்ளன. ஒல்லாந்தக் கும்பினியின் ஏடுகள் திஹேக் நகரில் உள்ளன. சில சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைவிட அருகிலிருப்பவை நம் பங்குக் கோயில்களின் தீட்சைப் பதிவேடுகள். அவற்றில் பெற்றோர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். ஞானத்தாய், ஞானத்தந்தை என்னும் கட்டங்களே பக்கவாட்டு உறவைக் காட்டுவன. மூன்று தலைமுறையாக ஒரு வீட்டுக் குழந்தைகளை மற்றொரு வீட்டார் ஏந்தியிருப்பின், குடிப்பெயர் வேறாயினும் அங்கே ஓர் உறவை ஐயுறலாம். மணப்பதிவில் உறவுமுறைத் தடைக்கு விலக்கு அளித்த ஓரக்குறிப்பு இருப்பின், அந்த ஐயம் துணிபாகலாம்.

டப்ளினில் எரிந்த 1740, 1766 ஆம் ஆண்டுப் பட்டியல்களின் சில பகுதிகள் இன்று படிக்கக் கிடைப்பது, தீக்கு முன்பே அவற்றைக் கையால் படியெடுத்து வைத்திருந்த சிலரால். அத்தகைய படிகளை உலகெங்கும் திரட்டி, எரிந்த களரியைக் கணினியில் மீட்டெழுப்பும் பணி 2022 இல், தீயின் நூற்றாண்டில், பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. நம் கரையில் தீ வேண்டியதில்லை, உப்புக்காற்றே போதும். பத்தாண்டு நிறைவை ஒட்டி நம் வட்டத்தார் பங்குக் குருமாரின் இசைவோடு பழம் பதிவேடுகளைப் படியெடுக்க முன்வரின், பெயர் நிரலோடு நின்றுவிடாது ஞானப்பெற்றோர், சாட்சிகள், ஓரக்குறிப்புகள் ஆகிய மூன்றையும் எழுத்துப் பிசகாமல் எடுக்க வேண்டுகிறேன். பர்னாந்து என்பது ஓர் ஏட்டில் பெர்ணாந்தாகவும் மற்றோர் ஏட்டில் பறுணாந்தாகவும் இருந்தால், அவ்வாறே எழுதிக்கொள்க. திருத்துவதைப் பின்வருவோர் பார்த்துக்கொள்வர்.